மதுரையில பள்ளிக்கூடம், பூங்கா, கண்மாய்க்கரையில நம்ம மண்ணுச் செடி வளர்க்க உத்தரவு போடுங்க: மாவட்ட ஆட்சியருக்கு கோரிக்கை மனு

பெறுநர்: மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், மதுரை.

அனுப்புநர்: மதுரை நகர்ப்பகுதி அரசுப் பள்ளிகள்ல படிக்கிற பிள்ளைங்களோட பெத்தவங்க, பக்கத்துப் பூங்காக்கள்ல தினமும் நடக்க வர்ற குடியிருப்பு மக்கள்.

பொருள்: பள்ளி, பூங்கா, பொது இடங்கள்ல நாட்டுச் செடித் தோட்டம் வைக்க கன்னு, தண்ணி, எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டி.

வணக்கம்ங்க.

சுத்தி வளைக்காம நேரா சொல்லிடுறோம். எங்க ஏரியா பள்ளிக்கூடத்துலயும் பூங்காவுலயும் சும்மா கெடக்குற இடத்துல மதுரை மண்ணுக்குச் சொந்தமான மரம் செடி கொடி வச்சு நாங்களே பாத்துக்கிறோம், அதுக்கு வனத்துறை நர்சரியில இருந்து சரியான கன்னு வேணும், முதல் ரெண்டு கோடைக்கு தண்ணிக்கு ஒரு வழி வேணும், எல்லாத்துக்கும் மேல நாங்க வச்சத யாரும் வந்து புடுங்கக் கூடாதுன்னு உங்க கையெழுத்தோட ஒரு உத்தரவு வேணும். இந்த மூணுல கடைசியா சொன்னதுதான் ரொம்ப முக்கியம், ஏன்னு கீழ சொல்றோம்.

வருஷா வருஷம் மரம் நடுவிழா நடக்குது. ஜூலையில வன மகோத்சவம், ஆகஸ்ட் 15, அப்புறம் யாராவது பெரியவங்க பொறந்தநாளு. ஆளுக்கு ஒரு கன்னு புடிச்சு போட்டோ எடுத்துட்டுப் போயிடுறாங்க. என்ன கன்னுன்னு யாரும் கேக்குறதில்ல, அன்னைக்கு நர்சரியில என்ன இருந்துச்சோ அதுதான் வரும். இப்படித்தான் பத்து பதினஞ்சு வருஷமா கோனோகார்பஸ்ங்கற வெளிநாட்டு மரம் எல்லா எடத்துலயும் வந்து ஒக்காந்துச்சு. வெட்டுக்கொம்பு வச்சாலே முளைக்கும், சரசரன்னு வளரும், எப்பவும் பச்சையா இருக்கும், அதனால எல்லாருக்கும் புடிச்சுப் போச்சு. ஆனா அதோட வேரு தண்ணிக் குழாயையும் சாக்கடையையும் உடைக்குது, மகரந்தத்தால மூச்சுத் தொந்தரவு வருதுன்னு பல பக்கமும் புகார் வந்து குஜராத்துல 2023லயே தடை பண்ணாங்க, நம்ம தமிழ்நாடு அரசும் 2025 ஜனவரியில தடை போட்டு அதுக்குப் பதிலா நாட்டு மரம் வைக்கச் சொல்லிடுச்சு. அதுக்கு மனசார நன்றி. ஆனா எடுத்த எடத்துல என்ன வைக்கிறதுங்கற கேள்விக்குத்தான் எங்க பக்கம் இன்னும் பதில் வரல. நாம முடிவு பண்ணலேன்னா அந்த எடத்துல பாட்டில் பாம், டெக்கோமா, கொரியன் கிராஸ் இப்படித்தான் வந்து நிக்கும். கொரியன் கிராஸ் பாக்க அழகுதான், மறுக்கல, ஆனா மே மாசம் மதுரையில குடிக்கத் தண்ணி லாரிக்கு நிக்கிற தெருவுல புல்லுக்கு தினம் தண்ணி அடிக்கிறது எந்த ஊரு நியாயம்னு தெரியல.

நம்ம மண்ணுல என்னதான் இல்ல சொல்லுங்க. மீனாட்சி அம்மன் கோயில் தல மரம் கடம்பு. வைகைக் கரைக்கு மருது. கரடு, பொட்டலுக்கு உசில், வன்னி, வெப்பாலை, மஞ்சணத்தி, விளா, அழிஞ்சில். நெழலுக்கு இலுப்பை, புங்கை, பூவரசு, வாகை. வேலியோரத்துக்கு ஆவாரை, நொச்சி, ஆடாதொடை, கிளுவை, மேல ஏத்திவிட முடக்கத்தான், சங்குப்பூ, பிரண்டை. உசிலங்கொழையை காயவச்சு இடிச்சு அரப்புன்னு தலைக்குத் தேச்சுக் குளிச்ச ஊரு இது, இன்னைக்கு நகரத்துக்குள்ள படிக்கிற பிள்ளைங்ககிட்ட உசில மரத்தக் காட்டுன்னா ஒண்ணுகூட காட்டாது, காட்டறதுக்கு மரம் இருந்தாத்தானே.

இதெல்லாம் பாக்கணும்னா நாங்க இடையபட்டி கோயில் காட்டுக்குப் போகணும், இல்ல அழகர்மலை அடிவாரம் போகணும், இல்ல அரிட்டாபட்டிக்குப் போகணும். அரிட்டாபட்டியை 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அரசு அறிவிச்சுச்சு. அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டுட்டாங்கன்னு தெரிஞ்சதும் மேலூர்ப் பக்கம் ஊரு ஊரா ஜனம் திரண்டு நின்னு 2025 ஜனவரியில அந்த ஏலமே ரத்தாச்சு. அப்படி மண்ணுக்காக நிக்கத் தெரிஞ்ச ஜனம் இருக்கிற மாவட்டத்துலதான் டவுனுக்குள்ள ஒரு ஸ்கூல் கிரவுண்டு ஓரத்துல நாலு ஆவாரைச் செடி நிக்க மாட்டேங்குது.

ஏன் நிக்க மாட்டேங்குதுன்னா, க்ளீனிங். இத கொஞ்சம் விரிவா சொல்ல விடுங்க. பேரு வேணாம், ஒரு ஆரம்பப் பள்ளியில சுவரோரத்துல தானா முளைச்ச எருக்கஞ்செடி ரெண்டு மூணு இருந்துச்சு. அதுல வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வந்து முட்டை வச்சிருக்கு. அஞ்சாப்பு பிள்ளைங்க அத கண்டுபுடிச்சிட்டாங்க. இலைக்கு அடியில குண்டூசித் தலையளவு வெள்ளையா ஒரு முட்டை, அப்புறம் கருப்பு வெள்ளை மஞ்சள்னு வரி வரியா புழு, அது எருக்க இலையைத் தின்னு தின்னு பெருசாகி ஒரு நாள் தலைகீழா தொங்கி பச்சைக் கூடா மாறுது, அந்தக் கூட்டுல பொட்டு பொட்டா தங்கக் கலரு மின்னுது. டீச்சரு அதையே பாடமா நடத்த ஆரம்பிச்சாங்க, பிள்ளைங்க நோட்டுல தேதி போட்டு வரைஞ்சு வச்சாங்க. அடுத்த வாரம் ஏதோ விசிட் வருதுன்னு ஆளுங்க வந்து மண்வெட்டியால எல்லாத்தையும் செதுக்கி குப்பையில போட்டு சுண்ணாம்பு அடிச்சிட்டுப் போயிட்டாங்க. அவங்க மேல தப்பு இல்லைங்க, களையெடுக்கச் சொன்னாங்க எடுத்தாங்க. அது களை இல்லன்னு யாருமே எங்கயும் எழுதி வைக்கல. அந்தப் பிள்ளைங்க கேட்ட கேள்விக்கு எங்க யார்கிட்டயும் பதில் இல்ல.

அதனாலதான் எழுத்துல வேணும்னு கேக்கறோம். வாய் வார்த்தையா ஹெச்.எம். சரின்னு சொல்லுவாங்க, அவங்க டிரான்ஸ்பர் ஆனா அடுத்து வர்றவங்களுக்குத் தெரியாது. பூங்காவுல கான்ட்ராக்டர் மாறுனா புது ஆளு மெஷின வச்சு மொத்தமா மழிச்சிடுவாரு. உத்தரவுல இடம் எது, அளவு எவ்வளவு, என்னென்ன செடி, யார் பொறுப்புன்னு இருந்து, அங்கயே தமிழ்ல ஒரு போர்டும் வச்சுட்டா பாதிப் பிரச்சனை தீந்துரும்.

பட்டாம்பூச்சி விஷயத்துல இன்னொண்ணு. பூ இருந்தா மட்டும் அது வராது, புழு திங்கறதுக்கு அதுக்கேத்த இலை வேணும், ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு செடி. ரோஜா அழகிக்கு ஆடுதீண்டாப்பாளை, எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை, மஞ்ச மஞ்சளா கூட்டமா பறக்குமே அதுங்களுக்கு ஆவாரையும் சரக்கொன்றையும். நர்சரியில வாங்குற கலர் கலர் கலப்பின பூச்செடியில தேன் குடிச்சிட்டுப் போகும், ஆனா பெருகாது. அதனால மரம் மட்டும் போதாது, குத்துச்செடி, கொடி, தரையில படர்றது எல்லாம் சேந்தாதான் தோட்டம். பசுமைத் தமிழ்நாடு இயக்கத்த 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சப்ப 23.7 சதவீதமா இருக்கிற பசுமைப் பரப்ப 33 சதவீதமா ஆக்கணும்னு சொன்னாங்க, நல்ல இலக்கு, அதுல எங்க தெருவோட பங்கு இப்படி இருக்கட்டும்னு ஆசைப்படுறோம்.

அடுத்து கன்னு. இதுல உங்க உதவி இல்லாம எங்களால ஒண்ணும் ஆகாது. தனியார் நர்சரியில போயி இலுப்பைக் கன்னு இருக்கான்னா சிரிக்கிறாங்க, அவங்களச் சொல்லியும் குத்தமில்ல, வாங்க ஆளு இல்ல. இலுப்பை விதையை ரொம்ப நாள் வச்சிருக்க முடியாது, பழம் விழுந்த கொஞ்ச நாள்லயே பையில போட்டுரணும், இல்லன்னா முளைக்காது. நாவலும் அப்படித்தான். ஆனி, ஆடியில விட்டுட்டா அடுத்த வருஷம்தான். அதனால இப்பவே வனத்துறைக்கும் ஊராட்சி நர்சரிகளுக்கும் என்ன கன்னு எத்தனை வேணும்னு ஒரு ஆர்டர் போகணும். விதை பொறுக்க நாங்க வர்றோம், பள்ளிகள்ல தேசிய பசுமைப்படை பிள்ளைங்க இருக்காங்க, அவங்களும் வருவாங்க. கோயில் காட்டுல ஒரு சுள்ளிகூட ஒடிக்க மாட்டாங்க, அந்தக் கட்டுப்பாட்ட மதிக்கணும், ஊர்ப் பெரியவங்ககிட்ட சொல்லி சம்மதம் வாங்கி கீழ விழுந்தத மட்டும் எடுக்கலாம். காப்புக்காடுன்னா வனத்துறை அனுமதியும் அவங்க ஆளும் கூட இருக்கணும்.

தண்ணிக்கு பெருசா ஒண்ணும் வேணாம். ஐப்பசி கார்த்திகை மழையைப் புடிக்கிற மாதிரி புரட்டாசிக்குள்ள குழி வெட்டி நட்டுட்டா தை வரைக்கும் கவலை இல்ல. அதுக்கப்புறம் கத்திரி முடியிற வரைக்கும்தான் கஷ்டம். பள்ளிக்கூடத்துல ஆர்.ஓ. மெஷின்ல வெளிய போற தண்ணி, கை கழுவுற தண்ணி எல்லாம் வீணாத்தான் போகுது, ஆர்.ஓ. தண்ணி உப்பா இருக்கும், அத அப்படியே ஊத்தாம கை கழுவுற தண்ணியோட கலந்து ஊத்தலாம், சத்துணவுக் கூடத்துல அரிசி களையிற தண்ணி இருக்கு. அடியில ஓட்டை போட்ட மண்பானையை கன்னு பக்கத்துல புதைச்சு வச்சா ரெண்டு மூணு நாளைக்கு ஈரம் இருக்கும், மேல தேங்காமட்டையோ காஞ்ச எலையோ போட்டு மூடிட்டா இன்னும் நல்லது. கோடை லீவுல ஸ்கூல் பூட்டியிருக்குமே, அப்பதான் செடியெல்லாம் செத்துப் போகுது. அந்த ஒரு மாசம் உள்ள போயிட்டு வர பெத்தவங்க ரெண்டு பேருக்கு சாவி குடுக்க அனுமதிச்சாப் போதும். பூங்காவுல மட்டும் வாரம் ஒரு தடவை மாநகராட்சி லாரித் தண்ணி கேக்கறோம், அதுவும் ரெண்டே வருஷத்துக்கு.

பேவர் பிளாக் பத்தியும் சொல்லியாகணும். மரத்தோட தூருல ஒட்டிக் கல்லப் பதிச்சிடுறாங்க, மழைத்தண்ணி உள்ள எறங்காது, வேரு மூச்சு விடாது, அஞ்சாறு வருஷத்துல காத்துக்கு சாஞ்சிடும். மரத்த சுத்தி ஒரு மீட்டராவது மண்ணா விடணும்னு வேலை எஸ்டிமேட்லயே எழுதச் சொல்லுங்க. இரும்புக் கூண்டையும் மரம் பெருத்ததும் கழட்டணும், பட்டைக்குள்ள கம்பி இறுகின மரம் எங்க பூங்கா பக்கத்துலயே நிக்குது.

இதுக்கெல்லாம் எதிர்ப்பும் வரும், நியாயமான பயம்தான். புதரா வளந்தா பாம்பு வராதான்னு டீச்சருங்க கேக்கறாங்க. கிளாஸ் ரூம் சுவத்த ஒட்டி வைக்காம தள்ளி வைக்கலாம், நடுவுல நடக்க பாதை விட்டு, செங்கல் கல்லு குப்பையைக் குமிச்சு வைக்காம இருந்தா எலி அண்டாது, எலி இல்லன்னா பாம்புக்கு அங்க வேலை இல்ல. விஷச் செடி விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும், அத நாங்களே சொல்றோம். செங்காந்தள் நம்ம மாநிலப் பூதான், ஆனா கிழங்கு கடும் விஷம், அதனால சின்னப் பிள்ளைங்க படிக்கிற எடத்துல வேணவே வேணாம், பூங்காவுல வேலிக்கு உள்ள இருக்கட்டும். எருக்கம்பால் கண்ணுல பட்டா ஆபத்து, அதனால அது கை எட்டாத ஓரத்துல, டீச்சர் கூட இருக்கும்போது மட்டும். இத விட்டுட்டு மொத்தத் தோட்டமே வேணாம்னு சொல்லிடக் கூடாது.

உங்ககிட்ட ஏன் வர்றோம்னா, பள்ளிக்கூடத்துல பாதி கல்வித்துறை பாதி மாநகராட்சி, பூங்கா மாநகராட்சி, கண்மாய்க்கரை நீர்வளத்துறை, கன்னு வனத்துறை. இத்தனை பேரையும் ஒரே மீட்டிங்ல கூப்பிட்டு ஒக்கார வைக்க மாவட்டத்துல உங்க ஒருத்தராலதான் முடியும், மாவட்ட பசுமைக் குழுவுக்கும் நீங்கதான் தலைவர். அந்தக் குழுவுல இத ஒரு பொருளா எடுத்து, மதுரை மாவட்டத்துக்குன்னு நாட்டுத் தாவரப் பட்டியல் ஒண்ணு வெளியிடணும். இங்க இருக்கிற காலேஜ் தாவரவியல் பேராசிரியர்களும், ஊருக்குள்ள செடியோட பேரு தெரிஞ்ச வைத்தியர்களும் பெரியவங்களும் சேந்து அத போடட்டும். சீமைக்கருவேலத்த எடுக்கச் சொல்லி 2017ல ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டப்ப ஊரெல்லாம் எடுத்தோம், பல எடத்துல எடுத்த பொட்டல் அப்படியே கெடந்து மறுபடி அதுவே முளைச்சிருச்சு. கண்மாய்க்கரைகள்ல அந்த மாதிரி எடத்த முதல்ல எடுத்துக்கிட்டா புண்ணியமாப் போகும்.

முதல்ல எல்லா பள்ளிக்கும் வேணாம். மண்டலத்துக்கு ஒரு பள்ளி, ஒரு பூங்கா எடுத்து ஆரம்பிங்க. பள்ளியில மேலாண்மைக் குழு தீர்மானம் போடட்டும், பூங்காவுக்கு வார்டு ஜனங்க கூடிப் பேசுற பகுதி சபாவுல வச்சு பேசலாம். செலவுக்கு நமக்கு நாமே திட்டத்துல மக்கள் பங்கு மூணுல ஒண்ணு போடணும்னா போடறோம், பணமா முடியாதவங்க உழைப்பாத் தருவாங்க, எங்கள்ல கொத்தனாரு இருக்காரு, பிளம்பர் இருக்காரு, கிராமத்துல இருந்து வந்து மண்ணு வேலை தெரிஞ்ச அம்மாக்கள் இருக்காங்க. குழி வெட்டுற நாளுக்கு மட்டும் ஜே.சி.பி. வேணாம், கையாலயே வெட்டிக்கிறோம், இருக்கிற செடியும் மண்ணும் அப்படியே நிக்கட்டும்.

வர்ற புரட்டாசிக்குள்ள பள்ளி, பூங்கா தேர்வும் அனுமதி உத்தரவும் முடிஞ்சா இந்த மழைக்கே நட்டுரலாம், தள்ளிப் போனா ஒரு வருஷம் போயிரும். இந்த மனுவுல கையெழுத்துப் போட்ட எல்லார் சார்பாவும் திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நேர்ல வந்து, இடங்களோட வரைபடமும், எங்களால பாத்துக்க முடிஞ்ச ஆளுங்க பட்டியலும், எங்களுக்கு வேண்டிய கன்னுகளோட பேரும் குடுக்கறோம். அதுக்கு எந்த அதிகாரியைப் பாக்கணும்னு சொல்லி, மனுவுக்கு எழுத்துல ஒரு பதில் குடுக்கும்படி பணிவோட கேட்டுக்கறோம்.

இப்படிக்கு,
மதுரை நகர்ப்பகுதி பெற்றோர்கள் மற்றும் குடியிருப்பு மக்கள்

இணைப்பு: கையெழுத்துப் படிவங்கள்