வீட்டாரைப் படமெடுக்கப் போகும் கல்யாண போட்டோகிராபருக்கு ஒரு கடிதம்

மன்னார்குடித் தம்பிக்கு,

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அந்த நாட்களில் அப்பா அம்மாவை எடுக்கலாமென்று இருக்கிறேன், எந்த லென்ஸ் சரிப்படும் என்று கேட்டிருந்தாய். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 35 எம்எம், சிறிய கிராப் சென்சாரில் 23. தூரத்தை இழுக்கும் உன் 70-200 ஜூம் லென்ஸ் பையிலேயே இருக்கட்டும். ஓட்டு வீட்டுக் கூடத்தில் பின்னால் நகர இடமிருக்காது. 24 எம்எம்முக்குக் கீழே இறங்கினால் ஓரத்தில் இருப்பவர் முகம் இழுபடும். பாட்டிமார்கள்தான் எப்போதும் ஓரத்தில் உட்காருவார்கள்.

லென்ஸைவிட, கல்யாண வேலையில் படிந்த பழக்கங்கள்தான் உனக்குத் தொந்தரவு தரும்.

முதலில் பிளாஷ். முற்றம் வைத்த வீட்டில் அது வேண்டியதே இல்லை. உச்சி வெயிலில் முற்றத்து நடுவில் நிறுத்தினால் கண்குழி கறுத்துப்போகும். தாழ்வாரத்தில், விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே, முகம் முற்றத்தைப் பார்க்க உட்காரச் சொல். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓ 800இல் தொடங்கலாம். சுவரில் பச்சை டிஸ்டெம்பர் இருந்தால் முகத்திலும் பச்சை ஏறும்; எடிட்டிங்கில் அதைக் குறைத்தால் வேட்டி ரோஸாகிவிடும். சுவரை விட்டு நாலடி தள்ளி உட்கார வைப்பதே சுலபம்.

அடுத்தது, முகத்தை வெளுக்க வைக்கும் ப்ரீசெட், அதாவது எடிட்டிங்கில் ஒரே தட்டில் போடும் ரெடிமேட் அமைப்பு. மண்டபத்தில் வாடிக்கையாளர் கேட்கிறார், போடுகிறாய். வயலில் காய்ந்த அப்பாவின் நிறத்தில் அதை ஏவாதே. நிறம் சரியாக வர, கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைப் புரிந்துகொண்டால் போதும். எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும் கருவி அது. வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர் என்றால் முகம் இருண்டுவிடும், எக்ஸ்போஷரில் பிளஸ் 1 கொடு. இருட்டு அடுப்படியில் கறுத்த முகம் ஃப்ரேமை நிறைத்தால் வெளுத்துவிடும், மைனஸ் 0.7.

ஷட்டர் சத்தம் கேட்டதும் வீட்டார் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று சைலண்ட் ஷட்டர் போடுவாய். பகலில் சரி. ட்யூப் லைட், எல்இடி வெளிச்சத்தில் படம் முழுக்கப் பட்டை விழும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. சைலண்டில் சென்சார் வரிவரியாகப் படிக்கிறது, அதனால் சில வரி பளிச்சென்றும் சில வரி மங்கியும் பதியும். ஷட்டரை 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இதையெல்லாம்விட, கை வேலையாக இருக்கும்போது எடு. நெல் புடைக்கிறவர், பூத்தொடுக்கிறவர், பம்ப்செட் பெல்ட்டை மாட்டுகிறவர் யாரும் போஸ் கொடுப்பதில்லை. 'சிரிங்க' என்று மட்டும் சொல்லிவிடாதே, அன்றைய வேலை அதோடு போச்சு.

வருஷத்துக்கு ஒரு குரூப் போட்டோவும் வேண்டும். அமெரிக்காவின் நிக்கோலஸ் நிக்சன் 1975 முதல் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் ஆண்டுக்கொரு படமாக வெளியிட்டு வந்தார். 8×10 அங்குல ஃபிலிம் கேமரா, நால்வரும் நிற்கும் வரிசை மாறவேயில்லை. அதைப் பொங்கலுக்குத் திண்ணையில் செய். கிழக்குப் பார்த்த வீடானால் காலை வெயிலில் எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள்; மாலை நாலரைக்குத் திண்ணை வீட்டு நிழலிலேயே இருக்கும். ட்ரைபாட் கால் பட்ட இடங்களில் பெயின்ட் புள்ளி வை, லென்ஸ் உயரத்தை எழுதி வை. புதிதாக வரும் மருமகளும் பிள்ளைகளும் ஓரத்தில் சேரட்டும், நடுவில் நுழைக்காதே. நீயும் வரிசையில் இருக்க வேண்டும்: டைமர் 10 நொடி, ஃபோகஸை மேனுவலில் பூட்டிவிடு. இல்லையென்றால் நீ நிற்க வேண்டிய காலி இடத்தின் வழியே சுவரில் ஃபோகஸ் விழும்.

ஆஸ்பத்திரிப் படுக்கை, குளிக்கும் குழந்தை இவற்றை ஃபேஸ்புக்கில் போடவே வேண்டாம். மற்ற படங்களையும் போடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் காட்டு. 'வேணாம்பா' என்றால் ஏன் என்று கேட்காதே.

படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்று. ஒன்று திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் அக்கா வீட்டில் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் ஓடும் கூரையும் பறந்தன. அந்த மாதிரி ஒரு ராத்திரிக்கு ஒரே வீட்டிலுள்ள இரண்டு பிரதியும் ஒன்றுதான். பிரின்ட் போட்டால் லேமினேஷன் வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. ஃப்ரேம் மாட்டும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விடும் மவுன்ட் அட்டை வைக்கச் சொல். ஐப்பசி அடைமழையில் சுவர் ஓதம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தாத்தா படம் ஏற்கெனவே அப்படி ஒட்டியிருந்தால் உரிக்காதே, முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே, பக்கவாட்டு வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் காப்பி எடு.

அன்புடன்,
உன் சக தொழில்காரன்