‘டான்டமவுன்ட்’ என்றால் சமமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோர்ட் செய்திகளில் ‘இது அவமதிப்புக்குச் சமம்’ என்று நம் நாளிதழில் அடிக்கடி வருகிறது. அந்தச் ‘சமம்’ பெரும்பாலும் ஆங்கில ‘டான்டமவுன்ட்’டின் மொழிபெயர்ப்பு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திருநெல்வேலியில் முப்பது வருடமாக மனு டைப் அடிக்கிறேன். மிஷின் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, உட்காரும் பெஞ்சு மட்டும் அதேதான். போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். மகன் வெளிமாநிலத்தில் படித்த படிப்பு பிளஸ் டூவுக்கு இணையானது என்று சான்று கேட்கும் மனு, கையில். நான் ஊரில் இல்லாத அன்று பக்கத்துக் கடையில் அடித்திருக்கிறார். ‘ஈக்விவலன்ட்’ வர வேண்டிய இடத்தில், கெத்தாக இருக்கட்டும் என்று அந்தத் தம்பி ‘டான்டமவுன்ட்’ போட்டிருந்தான். அலுவலகத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பிவிட்டார்கள். வட்டம் போட்டவர் ஆங்கிலம் தெரிந்தவர்!

படிப்புக்குப் படிப்பு, தரத்துக்குத் தரம் பார்த்து இரண்டும் ஒன்று என்பது ஈக்விவலன்ட். டான்டமவுன்ட் பழைய பிரெஞ்சு வழி வந்த சொல். ‘அவ்வளவுக்கு ஆகிறது’ என்பதே அதன் வேர்ப்பொருள். செய்தது வேறாக இருக்கும், விளைவு அதுவாகவே முடியும். குடியிருப்பவரைப் போகச் சொல்லாமல் தண்ணீர்க் குழாயை மட்டும் அடைத்துவிடுகிறார் வீட்டுக்காரர். போகச் சொன்னதாகத்தானே அர்த்தம்? அங்கேதான் இந்தச் சொல் பொருந்தும். அதனால்தான் அது பாராட்டை விடக் குற்றச்சாட்டில் அதிகம் வருகிறது. மகன் படிப்பைக் குற்றம் மாதிரி எழுதினால் யார் கையெழுத்துப் போடுவார்?

தொல்காப்பியம் உவமையையே வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது. என் கணக்கில் டான்டமவுன்ட் பயன் வகை. நன்னூலோ போல, ஒப்ப, நிகர என்று உவம உருபு 12 எண்ணிவிட்டு, ‘பிறவும்’ என்கிறது. இவ்வளவு இருக்க எல்லாவற்றுக்கும் தராசுக்கடைச் ‘சமம்’ எதற்கு? ‘அவமதித்ததாகவே ஆகும்’ என்று போடுங்கள். ஒரு சொல்கூட அதிகமாகாது.

பெரியவர் மனுவில் அந்த ஒரு வார்த்தையை மாற்றி அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. இந்த முறை வாங்கிக்கொண்டார்களாம். பக்கத்துக் கடைத் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தொழில் போட்டி என்பான்.

இப்படிக்கு,
கோர்ட் வாசல் டைப்பிஸ்ட்,
திருநெல்வேலி.