அன்றிரவு நான் ஏன் அழுதேன்

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "2009 இல் ஒரு பெண்ணை விரும்புகிறேன் என்று நான் சொன்ன அன்றைக்கு ஏன் அம்மா அப்படி அழுதனீங்கள்? வெட்கமா?" என்று கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. இத்தனை வருடமாக இதை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறாயே என்றுதான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

1991 இல் நாங்கள் லண்டனுக்கு வந்தபோது உனக்கு மூன்று வயது. அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. ஈஸ்ட்ஹாமில் ஒரே அறை, யாரோ கொடுத்த பழைய ரீவி. இங்கிலீஷ் பழகுவதற்காக நாடகங்கள் பார்க்கத் தொடங்கினேன். சானல் 4 இல் போன ‘புரூக்சைட்’ என்ற தொடரைத்தான் விடாமல் பார்த்தேன். லிவர்பூலில் ஒரு சின்னத் தெரு, அங்குள்ள வீடுகளின் கதை. அந்த ஊர்ப் பேச்சு பாதி விளங்காது. ஆனால் ஜோர்டாஷ் குடும்பத்தின் கதைக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. கொடுமைக்காரத் தகப்பன். தாங்க முடியாமல் தாய் அவனைக் கத்தியால் குத்துகிறாள். தாயும் மூத்த மகள் பெத்தும் உடலை வீட்டுக்குப் பின்னால் புதைக்கிறார்கள். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதைப் பார்த்துத்தான் நான் அந்த நாடகத்தில் ஒட்டிக்கொண்டேன்.

அந்தப் பெத் 1994 ஜனவரியில் மார்கரெட் என்ற தன் தோழியை முத்தமிட்டாள். இரவு ஒன்பது மணிக்கு முன்னால், பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில், இரண்டு பெண்களுக்கிடையே பிரிட்டிஷ் தொலைக்காட்சி காட்டிய முதல் முத்தம் அதுதான் என்று சொல்வார்கள். நீ என் மடியில் படுத்திருந்தாய். என் கை தானாகப் போய் உன் கண்ணை மூடியது. ஆனால் ரீவியை நான் நிறுத்தவில்லை. பெத்தை எனக்குப் பிடிக்கும். அவள் சந்தோசமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அந்தக் காலத்தில் இங்கே பள்ளிக்கூடத்தில்கூட ஆசிரியர்கள் இதைப் பற்றிக் கதைக்கப் பயந்தார்கள். ஒருபால் உறவை ஊக்குவிக்கக் கூடாது என்று 1988 இல் கொண்டுவந்த 28 ஆம் பிரிவு என்ற சட்டம் 2003 வரை இருந்தது. நீ பிறந்த வருடம் வந்த சட்டம், உனக்குப் பதினைந்து வயதானபோதுதான் போனது. அதனால் இப்படியான பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ரீவி சொன்னதுதான்.

ரீவி என்ன சொன்னது? பெத் பிடிபட்டாள். 1995 இல் சிறைக்குள்ளேயே செத்துப்போனாள். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பட்ட பிள்ளையை உயிரோடு விட்டிருக்கலாமே என்று அப்பாவிடம் சண்டை பிடித்தேன், ஏதோ அவர் எழுதிய கதை மாதிரி. அதே 1995 இல்தான் எங்கள் இலங்கையிலும் தண்டனைச் சட்டத்தில் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவைத் திருத்தினார்கள். அதுவரை ஆண்களை மட்டும் சொன்ன சட்டம் பெண்களையும் குற்றவாளி ஆக்கியது. அது எனக்கு வெகு காலத்துக்குப் பிறகுதான் தெரியும். அந்தப் பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை.

அப்புறம் ‘பஃபி’. அது உன்னுடைய நாடகம். பேய்க்கதை என்று நான் பக்கத்தில் இருந்து தைத்துக்கொண்டே பார்ப்பேன். அதில் காதலர்களான வில்லோ, தாரா என்ற இரண்டு பெண்களும் வரும்போது மட்டும் நீ அசையாமல் இருப்பாய். அதை நான் கவனித்தேன், குஞ்சு. தாரா செத்த அத்தியாயம் அமெரிக்காவில் 2002 மே மாதம் போனது, நாங்கள் பிறகுதான் பார்த்தோம். பிரிந்திருந்த இரண்டு பேரும் அப்போதுதான் சேர்ந்திருந்தார்கள். வேறு யாருக்கோ வைத்த வெடி யன்னலால் வந்து தாராவின் நெஞ்சில் படுகிறது. வில்லோவின் வெள்ளைச் சட்டையில் இரத்தம். நீ எழும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

நான் அங்கேயே இருந்தேன். என் சின்னம்மாவின் மகள் கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தபோது சன்னம் பட்டுச் செத்தவள். யாருடைய துவக்கிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. குறி தவறி வரும் சாவு எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு நாடகம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தக் காட்சி எனக்குக் கதையாகப் படவில்லை.

சரி, இனி 2009. குசினியில் நின்று நீ சொன்னாய், உனக்கு ஆண்களையும் பிடிக்கும், பெண்களையும் பிடிக்கும், இப்போது ஒரு பெண்ணை விரும்புகிறாய் என்று. என் கண்ணுக்கு முன்னால் பெத்தும் தாராவும்தான் வந்தார்கள். இப்படியான ஒரு பெண் கிழவியாகி, பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டி, கட்டிலில் படுத்துச் சாவதை அதுவரை நான் ஒரு நாடகத்திலும் பார்க்கவில்லை. ஊரிலும் பார்க்கவில்லை. இருந்திருப்பார்கள், யாரும் எனக்குக் காட்டவில்லை. நான் அழுதது வெட்கத்தில் இல்லை, பிள்ளை. நீ செத்துப்போவாய் என்று நினைத்தேன்.

2016 மார்ச்சில் ரொறன்ரோவிலிருந்து அழுதுகொண்டே போன் எடுத்தாயே, ‘தி ஹண்ட்ரட்’ நாடகத்தில் லெக்சாவைக் கொன்றுவிட்டார்கள் என்று. "அது நாடகம்தானே" என்று நான் சொன்னேன். நீ போனை வைத்துவிட்டாய். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். பிறகு அந்த அத்தியாயத்தைத் தேடிப் பார்த்தேன். அவளும் அவள் காதலி கிளார்க்கும் சேர்ந்த கையோடு, கிளார்க்குக்கு வைத்த குறி தவறி லெக்சாவில் படுகிறது. பதினான்கு வருடத்துக்குப் பிறகும் அதே சன்னம்! எழுதுகிறவர்களுக்கு வேறு ஒரு சாவும் தெரியாதா? அந்த நாடகத்தை நடத்தியவர் பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதினார். உன்னைப் போன்ற பிள்ளைகள் அந்தக் கோபத்தோடு, தற்கொலை எண்ணம் வரும் இளம் பிள்ளைகளுக்கு உதவும் அமைப்புக்குக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். நான் ‘நாடகம்தானே’ என்று சொன்ன விசயத்தின் பாரம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நீ ஆண்களையும் பிடிக்கும் என்று சொன்னதால், ஒருநாள் ‘திரும்பி’ வருவாய் என்று நான் கனகாலம் காத்திருந்தேன். வில்லோவுக்கும் முதலில் ஒரு பெடியன் இருந்தான்தானே. அதுவும் என் தலைக்குள் ஒரு கணக்கு. 2020 இல் ஊரடங்கு நேரம் ‘கிரேஸ் அனாட்டமி’ முழுவதையும் பார்த்தேன். டொக்டர் கலி டோரெஸ் ஆணைக் கல்யாணம் கட்டினாள், பிறகு பெண்ணைக் கட்டினாள். தான் இருபாலீர்ப்பு உள்ளவள் என்று ஒரு இடத்தில் தன் வாயாலேயே உடைத்துச் சொல்கிறாள். யாரோடு இருந்தாலும் அவள் அதே ஆள்தான். திரும்பி வர அவள் எங்கேயும் போகவில்லை. அவளின் தாய் அந்தக் கல்யாணத்தை ஏற்க முடியாமல் எழும்பிப் போகிறாள். தகப்பன் மட்டும் பிறகு திரும்பி வந்து மகளோடு ஆடுகிறார். அந்தத் தாயைப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நிறுத்திவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்துதான் மிச்சத்தைப் பார்த்தேன்.

‘ஜென்டில்மன் ஜாக்’ பார் என்று நீ சொன்னாய்தானே. 2019 இல் பிபிசியில் வந்தது. ஹாலிஃபாக்சில் வாழ்ந்த ஆன் லிஸ்டரின் கதை. நாட்குறிப்பின் ஒரு பகுதியை இரகசிய எழுத்தில் எழுதி வைத்த பெண். முதல் பருவம் முடியும்போது அவளும் ஆன் வாக்கரும் யோர்க்கில் ஒரு தேவாலயத்தில் சேர்ந்து நற்கருணை எடுக்கிறார்கள். அவர்கள் மனதில் அதுதான் கல்யாணம். உண்மையாகவே 1834 இல் நடந்தது. கதை முடிந்த பிறகும், இனி ஒரு வெடி வரும் என்று நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

போன மாதம் பஸ் பிடித்துத் தனியாக யோர்க்குக்குப் போனேன். குட்ராம்கேட்டில் கடைகளுக்கு நடுவே ஒளிந்த மாதிரி அந்தத் தேவாலயம். வெளியே வானவில் விளிம்போடு ஒரு வட்டப் பலகை, ஆன் லிஸ்டரின் பெயரும் லெஸ்பியன் என்ற சொல்லும் அதில் இருக்கிறது. முதலில் வைத்த பலகையில் அந்தச் சொல் இல்லையாம். ஆட்கள் எழுதிக் கேட்டுத்தான் 2019 இல் மாற்றினார்களாம். உள்ளே தரை மேடும் பள்ளமும், கதவு வைத்த மரப்பெட்டி மாதிரி இருக்கைகள். ஒன்றில் ஏறி நெடுநேரம் இருந்தேன். உன்னையும் உன்னவளையும் நினைத்துக் கும்பிட்டேன். கர்த்தர் கோயிலில் பிள்ளையாரைக் கும்பிட்டாலும் பிழையில்லை.

ஆவணியில் வரும்போது உங்களை அங்கே கூட்டிப் போகிறேன். அதோடு, அவள் என்னை ‘அன்ரி’ என்று கூப்பிடுகிறாள். அது வேண்டாம். மாமி என்று கூப்பிடச் சொல்லு. ஊரில் காணும் எல்லாரையும் கூப்பிடுகிற மாமி இல்லை. மருமகள் கூப்பிடுகிற மாமி.

அம்மா