மருந்து கவுண்டருக்கு மேலே தொலைக்காட்சி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் சிங்கப்பூர்ப் பேட்டை கிளினிக்குகள் சிலவற்றில் மருந்து கொடுக்கும் கவுண்டருக்கு நேர் மேலேயே தொலைக்காட்சியை மாட்டி வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வாரம் மாமியாரை அழைத்துப் போயிருந்தேன். இது காலையில் ஒன்று சாப்பாட்டுக்கு முன், இது இரவில் இரண்டு, வெள்ளை மாத்திரை வலி இருந்தால் மட்டும் என்று கவுண்டரில் இருந்த பெண் தெளிவாகத்தான் சொன்னார், மேலே சீன நாடகத்தில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள், லிஃப்டுக்கு வருவதற்குள் அத்தைக்கு எல்லாம் குழம்பிவிட்டது. வயசாயிடுச்சு என்று தன்னையே நொந்துகொண்டார்.

வயசு மட்டும் காரணமில்லை. இளைஞர்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். திரையில் வரும் எழுத்துகளை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும்; பின்னால் ஓடும் பேச்சைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியும் தவறுகள் கூடுகின்றன. கண்ணால் பார்த்ததே மறக்கிறது என்றால் இது காதில் சரியாக விழாத பிரச்சினை இல்லை. 1976இல் கோல், வெல்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த சோதனையில் பின்னால் ஓடியது ஜெர்மன், கேட்டவர்களுக்குப் புரியாத மொழி! அதனால் எனக்குத்தான் மாண்டரின் தெரியாதே என்று யாரும் தப்பிக்க முடியாது. சத்தத்தைக் குறைத்தாலும் பெரிதாகப் பயனில்லை, காதில் விழும்வரை பேச்சு பேச்சுதான்.

ஏன் இப்படி? உளவியல் ஆய்வாளர் டிலன் ஜோன்ஸ் குழுவினர் சொல்லும் விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. மாறிக்கொண்டே இருக்கும் ஒலிகளை மூளை நம்மைக் கேட்காமலே வரிசைப்படுத்துகிறது, நாம் மனசுக்குள் சொல்லிப் பார்க்கும் வரிசையோடு அது மோதுகிறது. ஒரே சீராக ஓடும் மின்விசிறியோ ஏர்கானோ அவ்வளவு கெடுப்பதில்லை.

வீட்டில் பாட்டைப் போட்டுக்கொண்டு மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கும் இதேதான். பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையில் பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் ஒரே மாதிரிதான் கெடுத்தன. என் மகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

தொலைக்காட்சியைக் கழற்றச் சொல்லவில்லை, காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. ஒலியை நிறுத்திவிட்டு வசன வரிகளை ஓடவிடலாம், அல்லது கவுண்டரை விட்டுத் தள்ளி மாட்டலாம். மருந்துப் பையில்தான் எல்லாம் அச்சடித்துத் தருகிறோமே என்பார்கள். சரி, பொடி எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த என் மாமியார் அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்?

ஒரு வாசகி,
செங்காங்