சொல்லாததைச் சொன்னதாகப் பதிந்தது குறித்துப் புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்திலிருந்தே என் அம்மா இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மருந்து வாங்குவது சுங்கை சிப்புட்டில் உள்ள உங்கள் கிளினிக்கில்தான். போன மார்ச்சில் அங்கே இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் கூப்பிடுவோம் என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.

ஆகஸ்டில் கால் வீங்கிப்போய் அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துப் போனேன். சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு 30-க்குக் கீழே இறங்கியிருந்தது. அந்த நிலையில் இனிப்பு நீருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்று அங்கிருந்த டாக்டர் உடனே நிறுத்திவிட்டார். பிறகு உங்களிடம் மார்ச் அறிக்கையை வாங்கிப் பார்த்தால் அதிலேயே 29 என்று இருக்கிறது! அது தெரிந்தும் மாதாமாதம் அதே மாத்திரை, போதாததற்கு முட்டி வலிக்கு, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபினாக் வேறு.

அம்மாவின் மருத்துவப் பதிவு அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மார்ச் பதிவில் 'நோயாளிக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது' என்ற பொருளில் மலாயில் ஒரு வரி. கூப்பிட்டது யார், எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்கு, ஒன்றும் இல்லை. அட்டையின் மேலே இருப்பது பழைய தோட்டத்து வீட்டு எண்; வீட்டைக் காலி செய்தபோதே அந்த இணைப்பு போய்விட்டது. புது எண்ணைக் கவுன்டரில் நானே கொடுத்தேன். மிஸ்ஸி (தாதி) அதை மஞ்சள் தாளில் எழுதி அட்டையோடு சேர்த்துப் பின் அடித்தார். இப்போது பின் மட்டும் இருக்கிறது, அதில் மஞ்சள் தாளின் ஒரு கிழிசல்.

கூப்பிட மறந்திருந்தால் வேலை நெருக்கடி என்று விட்டிருப்பேன். கூப்பிட்டதாக எழுதியதுதான் பெரிய கேடு. அந்த வரியைப் பார்த்துத்தான் அடுத்தடுத்து வந்த டாக்டர்கள் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அம்மாவின் முழுப் பதிவின் நகலையும் கேட்கிறோம். அவர் கையெழுத்திட்ட கடிதம் இத்துடன் உள்ளது. 21 நாள் அவகாசம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வரியை அழிக்க வேண்டாம். ஒற்றைக் கோடு போட்டு, திருத்தியவர் பெயரும் தேதியும் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம், அதை எழுதியது யார், எதை வைத்து எழுதினார் என்று எழுத்தில் விளக்கம் வேண்டும். டாக்டர் பார்த்துக் கையெழுத்திடாமல் எந்தப் பரிசோதனை முடிவும் அட்டைக்குள் போகாதபடி ஏற்பாடு செய்யுங்கள்.

பதில் வராவிட்டால் சுகாதார அமைச்சுக்குப் புகார் போகும். நகலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். சிறுநீரக நிபுணரிடம் காட்ட வேண்டியிருப்பதால் நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்