அமெரிக்காவில் கால்பந்தைக் கைவிட்டவர்கள் ரசிகர்கள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகக் கோப்பையை ஒட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், அமெரிக்காவில் தொழில்முறைக் கால்பந்து அணிகள் தோன்றுவதும் மறைவதுமாக இருந்ததற்கு அந்நாட்டு மக்களுக்கு இந்த ஆட்டத்தில் நாட்டமில்லாததே காரணம் என்று எழுதப்பட்டிருந்தது. பல்லாண்டுகளாக இந்த ஆட்டத்தைக் கவனித்து வருபவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

1977 ஆகஸ்ட் 14 அன்று, நியூ ஜெர்சியின் ஜயன்ட்ஸ் மைதானத்தில் நியூயார்க் காஸ்மாஸ் அணியும் ஃபோர்ட் லாடர்டேல் ஸ்ட்ரைக்கர்ஸ் அணியும் மோதியதைக் காணத் திரண்டவர்கள் 77,691 பேர். அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், பெலே காஸ்மாஸ் அணிக்காக முதன்முதலில் களமிறங்கிய, நியூயார்க்கின் ரேண்டல்ஸ் தீவு மைதானத்தில் புல்கூட ஒழுங்காக இல்லை. தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குத் தெரியாதபடி வெறும் மண்ணுக்குப் பச்சைச் சாயம் அடித்திருந்தார்கள். ஆட்டம் முடிந்து காலுறையைக் கழற்றிய பெலே, பாதத்தில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்து, ஏதோ தொற்று வந்துவிட்டதென்று பதறினார் என்று சொல்வார்கள். அதே காஸ்மாஸ் 1977 செப்டம்பரில் கல்கத்தாவுக்கு வந்து மோகன் பகானுடன் 2-2 என்று சமன் செய்ததை நம் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் வீழ்ச்சி எங்கிருந்து வந்தது? காஸ்மாஸ் பின்னர் சேர்ந்த வட அமெரிக்கக் கால்பந்து லீக், 1968இல் 17 அணிகளுடன் தொடங்கி, மறு ஆண்டே ஐந்தாகச் சுருங்கி, மெல்ல மெல்லத்தான் நிமிர்ந்தது. காஸ்மாஸின் பின்னால் வார்னர் நிறுவனத்தின் பணம் இருந்தது. ஜெர்மனியின் பெக்கன்பவரையும் இத்தாலியின் கினாலியாவையும் அதனால் அழைத்துவர முடிந்தது. அந்த வசதியில்லாத மற்ற அணிகளும் அதே செலவைச் செய்ய முனைந்ததுதான் கேடாக முடிந்தது. 1978இல் ஒரே வீச்சில் 24 அணிகளாக விரித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஊருக்கு ஊர் பந்து உதைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களை வளர்த்தெடுக்காமல், ஐரோப்பாவில் ஆடி ஓய்ந்தவர்களுக்கே பணத்தைக் கொட்டினார்கள். ஏபிசி தொலைக்காட்சி 1980க்குப் பின் ஒளிபரப்பைத் தொடரவில்லை. அட்டாரி வீடியோ விளையாட்டுத் தொழிலில் பெரும் நட்டம் கண்ட வார்னரும் கையை இழுத்துக்கொண்டது. 1984இல் மிஞ்சியவை ஒன்பது அணிகள். 1985இல் லீக்கே மூடப்பட்டது. இவற்றில் எந்த முடிவும் பார்வையாளர் மாடத்தில் எடுக்கப்பட்டதன்று.

இதற்கும் முன்னரே, 1921இல் தொடங்கிய அமெரிக்கன் சாக்கர் லீக்கில் எஃகு நிறுவனம் ஒன்றின் அணியான பெத்லஹேம் ஸ்டீல் போன்றவை ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களையே ஈர்த்தன. அதை வீழ்த்தியவை நிர்வாகிகளுக்குள் நடந்த அதிகாரச் சண்டையும், பின்னர் வந்த பொருளாதாரப் பெருமந்தமும்.

1996இல் 10 அணிகளுடன் தொடங்கிய மேஜர் லீக் சாக்கர், ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களை லீக்கே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டால் ஊதியத்தைக் கட்டுக்குள் வைத்தது. 2002இல் ஃப்ளோரிடாவின் இரு அணிகளையும் மூட நேர்ந்தபோதும் அது நிலைகுலையவில்லை. இன்று 30 அணிகள் உள்ளன. ஆயினும் சான் டியேகோ அணியைச் சேர்த்துக்கொள்ள 50 கோடி டாலர் நுழைவுக் கட்டணம் பெறப்பட்டதைப் படித்தபோது எனக்குக் கவலையே மேலிட்டது. புதிதாக வருவோரின் பணத்தை நம்பி விரிந்துகொண்டே போகும் பழக்கம் 1978லேயே ஒருமுறை பார்த்ததுதான்.

தங்கள் கட்டுரை மகளிர் அணிகளைப் பற்றி ஒரு வரியும் சொல்லாததும் எனக்கு வருத்தமே. 2001இல் தொடங்கிய அவர்களது லீக், முன்னணி வீராங்கனைகள் தங்கள் ஊதியத்தையே குறைத்துக்கொண்ட பின்னும், 2003இல் அதே நாட்டில் மகளிர் உலகக் கோப்பை தொடங்கச் சில நாள்களே இருந்தபோது நிறுத்தப்பட்டது. அவர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.