அஞ்சடிப் படியிலிருந்து ஒரு கடிதம்

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. வரும் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்து 272 படியும் ஏறப்போகிறேன், அதற்காக இப்போதே பயிற்சிக் கூடத்தில் சேர்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் அவ்வளவு சந்தோஷம். அடுத்த வரிதான் கவலையாக இருந்தது. காலையில் எழுந்ததும் குனிந்து கால் விரலைத் தொடப் பார்ப்பதாகவும், கை முழங்காலுக்குக் கீழே இறங்காததோடு இடுப்பும் பிடித்துக்கொண்டதாகவும் சொல்லியிருந்தாய். அதற்குத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

விடிந்தவுடன் குனிவதை நாளையிலிருந்தே நிறுத்திவிடு. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்புக்கு இடையில் இருக்கும் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் முழுசாகக் குனிந்தால் பகலில் குனிவதைவிட வட்டுக்குச் சிரமம் அதிகம். எழுந்து நடமாடு, கோப்பி குடி, பசியாறு. கை கால் நீட்டிப் பிடிக்கும் வேலையெல்லாம் சாயந்திரம் வைத்துக்கொள்.

நம் தோட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ரப்பர்ப் பால் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மூன்றாவது லயம் இருந்த இடத்திலும் செம்பனைதான். கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கோயில் மண்டபத்தில்தான் சனி, ஞாயிறு சாயந்திரம் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். பதினான்கு பேர் வருகிறார்கள்.

அம்மாவுக்கு 81 ஆகிறது. முருங்கைக்கீரை ஆய்வதற்கு இன்னமும் மணைப்பலகை கேட்பதில்லை. பாதம் முழுதும் தரையில் படிய, முட்டி நன்றாக மடங்க, வீட்டு முன்புறத் தாழ்வாரமான அஞ்சடியில் அப்படியே குந்திவிடுகிறார். இது எப்படி என்று பல நாள் யோசித்தேன். விடியுமுன்னே ஆள் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு நானூறு ஐநூறு மரத்தில் பால் வெட்டியவர். பட்டையில் வெட்டு இறங்க இறங்க அடிமரத்தில் குந்தித்தான் வெட்ட வேண்டும். முப்பது வருஷம் அப்படிச் செய்த மடக்கு; வேலையை விட்ட பிறகும் கீரை ஆய, கோலம் போட, துணி துவைக்க என்று அதைத் தினமும் பயன்படுத்திக்கொண்டே இருந்தார். நான் இருபது வருஷம் லாரி ஓட்டினேன். உட்கார்ந்தே இருந்த உடம்பு, குந்தினால் குதிகால் தரையைவிட்டு எழும்பிவிட்டது. அதைத் திரும்பக் கீழே இறக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

அவசரப்படாமல் ஏழு மாதம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளி விட்டதும் நாம் சேர்ந்து போன அந்தத் தற்காப்புக் கலை வகுப்பை நீ மறந்திருக்க மாட்டாய். கால் இரண்டையும் அகட்டி உட்காரவைத்து, அந்தப் பயிற்றுநர் என் முதுகில் முழங்காலை ஊன்றி அழுத்தினார். தொடையின் உட்பக்கத்தில் துணி கிழிகிற மாதிரி இருந்தது. நீதான் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாய். நரம்பு இழுத்துக்கொண்டது என்று பாட்டி கோடாலித் தைலம் போட்டுத் தேய்த்தார். மூன்று மாதம் நொண்டினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் மேல் ஏறி அழுத்த ஒரு பெரிய மனிதருக்கு எந்த உரிமையும் கிடையாது. என் வகுப்பில் யாரும் யாரையும் அழுத்தக் கூடாது என்பதைத்தான் முதல் நாளே சொல்கிறேன்.

நம்மூரில் எல்லா வலிக்கும் நரம்பு என்றே பெயர். அன்று எனக்குக் கிழிந்தது தசை. நீ காலை நீட்டும்போது இதைக் கவனித்துப் பார். தொடையின் நடுவில், சதை இருக்கிற இடத்தில் இழுத்தால் அது தசை. தாங்குகிற அளவுக்குப் பிடிக்கலாம். முட்டிக்குப் பின்னாலோ பாதத்திலோ சுருக்கென்று மின்சாரம் பாய்வது போலிருந்தால், மரத்துப்போனால், அதுதான் உண்மையில் நரம்பு. உடனே தளர்த்திவிடு. நரம்பை இழுத்துப் பிடித்து வைத்தால் அது இன்னும் கடுகடுக்கும். மரத்துப்போவது நிற்காவிட்டால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டு.

ஏன் அழுத்தக் கூடாது என்பதையும் சொல்கிறேன். தசைக்குள்ளே இழுவையை அறிகிற நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் அவை தண்டுவடத்துக்குச் சேதி அனுப்பி அதே தசையை இறுக்கிவிடும். நாம் பலமாக இழுக்க இழுக்க உடம்பும் எதிர்த்து இழுக்கும். மெதுவாகப் போய் நின்றால் விட்டுக்கொடுக்கும். முதல் சில வாரங்களில் கை கூடுதலாக எட்டுவதைப் பார்த்துத் தசை நீண்டுவிட்டது என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. அந்த இழுவையை நரம்பு மண்டலம் சகித்துக்கொள்ளப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் வாரத்துக்கு ஒரு நாள் அழ அழச் செய்வதைவிடத் தினமும் கொஞ்சம் செய்வது பலன் தருகிறது. நம் வயதுக்கு ஒவ்வொரு பிடியும் 30 வினாடியிலிருந்து 60 வினாடி, இரண்டு மூன்று தடவை போதும்.

உனக்கு நான் சொல்வது மல்லாந்து படுத்துச் செய்வது. ஒரு காலை நீட்டிவிட்டு, மற்ற காலின் உள்ளங்காலில் கைலியை மாட்டி இரு முனையையும் பிடித்துக்கொள். முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கட்டும். காலை மேலே கொண்டு போ, இழுவை தெரிந்ததும் நில், மூச்சை நீளமாக விடு. முதுகு தரையில் இருப்பதால் இடுப்புக்குச் சங்கடம் இல்லை. இரண்டு வாரம் போன பிறகு இதையும் சேர்: கைலியை எதிர்த்துக் குதிகாலை ஆறு வினாடி லேசாகக் கீழே தள்ளு, தளர்த்து, அப்புறம் காலை உயர்த்து. முன்பு நின்ற இடத்தைத் தாண்டிப் போகும். இறுக்கித் தளர்த்தும் இந்த முறை 1940-களில் அமெரிக்காவில் ஹெர்மன் கபாட் என்ற மருத்துவர் வாதம் வந்தவர்களுக்காக உருவாக்கிய சிகிச்சையிலிருந்து வந்தது. பிறகுதான் விளையாட்டு வீரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் உட்கார்ந்து நீட்டிப் பிடிக்காதே. நாம் அப்படித்தான் பழகினோம், ஆனால் ஒரு தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடித்துவிட்டு உடனே பலம் காட்டினால் பலம் சற்றுக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதலில் பத்து நிமிஷம் அசைவு: நடை, காலை முன்னும் பின்னும் வீசுவது, தோளைச் சுழற்றுவது. என் பிள்ளைகள் கம்பை எடுக்குமுன் வெறுங்கையோடு காலடி வரிசை போடுகிறார்கள், உடம்பில் வேர்வை பூத்த பிறகுதான் கம்பு. நீட்டிப் பிடிப்பதெல்லாம் கடைசியில்.

சில நாள் குலை வெட்டுகிற பையன்கள் இரண்டு பேர் மண்டபத்துக்கு வருவார்கள். உயர்ந்த மரத்தில் நீளக் கம்பின் நுனியிலிருக்கும் அரிவாளைப் பார்த்துக் காலையிலிருந்து அண்ணாந்தே நிற்கிற வேலை. கழுத்தும் தோளும் கல்லாகிக் கிடக்கும். தூணில் முன்கையை வைத்து நெஞ்சைத் திறக்கிற மாதிரி ஒரு பிடி சொல்லிக்கொடுத்தேன். இப்போது மதியச் சாப்பாட்டுக்கு முன் மரத்தடியிலேயே செய்கிறார்களாம்.

பேத்தி ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் நடக்கும் செகாக் என்ற உடல்தகுதிச் சோதனையில், காலை நீட்டி உட்கார்ந்து பெட்டியின் மேல் கை எட்டும் தூரத்தை அளப்பார்களே, அதில் குறைந்துவிட்டது என்று அழுதுகொண்டு வந்தாள். கை குட்டையாகவும் கால் நீளமாகவும் இருக்கிற பிள்ளைக்கு அந்த எண் குறையத்தான் செய்யும். பக்கத்து மேசைக்காரியோடு ஒப்பிடாதே, போன தடவை உன் எண் என்னவோ அதைப் பார் என்று சொன்னேன். அழுகை நின்றது.

சரி, உன் படிக்கு வருவோம். கெண்டைக்காலைத் தயார் செய். வீட்டுப் படியில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெல்ல இறக்கு. முட்டியை நேராக வைத்து ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை, ஏனென்றால் மேலே இருக்கும் தசை வேறு, அதற்கு அடியில் இருப்பது வேறு. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் தொடை அதிகமாக அடிவாங்கும், மறுநாள் வலியும் அதனால்தான். அந்த வலியை நீட்டிப் பிடிப்பது தடுக்காது. இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் படி இறங்கிப் பழகுவது ஒன்றுதான் வழி. உன் அடுக்குமாடியில் மின்தூக்கியை விட்டுவிட்டு முதலில் இரண்டு மாடி, அப்புறம் நான்கு என்று இறங்கு.

தீபாவளிக்குக் குடும்பத்தோடு வா. ஈப்போவில் இறங்கினால் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கைலியை மாட்டிப் படுத்துப் பார்த்துவிட்டு, எந்தக் கால் கூடுதலாக இறுகியிருக்கிறது என்று எழுது. எனக்கு இன்னமும் அந்த இடது கால்தான்.

அன்புடன்,
மூன்றாவது லயத்துக்காரன்